கப் கேடட்: ஒரு கியர் நெம்புகோலின் தேய்மானம்

எந்திரங்களின் வரலாறு என்றாலே அவற்றைக் கண்டறிந்தவர்களின் வரலாறு என்று கொள்வது நம் வழக்கம். அவற்றை நாள்தோறும் கையாண்டவர்களைப் பற்றி எழுதுவோர் அரியர். அவர்கள் விட்டுச்சென்ற சுவடு பெரும்பாலும் உலோகத்தின் தேய்மானந்தான். அமெரிக்காவின் பழைய தோட்ட டிராக்டர் ஒன்றின் கியர்பெட்டியைத் திறப்பவர் அதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நகரங்களைச் சூழ்ந்து புறநகர்கள் பெருகின. ஓர் ஏக்கர் நிலத்தில் வீடு கட்டிக்கொண்டவருக்குக் கையால் தள்ளும் புல்வெட்டி போதவில்லை. உழவு டிராக்டரோ மிகப் பெரிது. இந்த இடைவெளியைக் கண்டுகொண்ட நிறுவனங்களுள் ஒன்று இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர். 1902இல் மெக்கார்மிக், டீரிங் முதலிய நிறுவனங்கள் இணைந்து உருவான அது, 1947 முதல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் 'ஃபார்மால் கப்' என்னும் சிறு டிராக்டரைச் செய்துவந்தது. 1961இல் சந்தைக்கு வந்த 'கப் கேடட்' அதன் தம்பி எனலாம். ஏழு குதிரைத்திறன் கொண்ட கோலர் எஞ்சின் வேறு. கியர்பெட்டியின் உள்ளுறுப்புகள் பலவும் அண்ணனுடையவை. உழவுக்கென வார்த்த பற்சக்கரங்கள் புல்வெட்டும் வண்டிக்குள் குடியேறின. அறுபது ஆண்டுகளைக் கடந்தும் இவற்றுட் சில ஓடுவதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் எண்ணம்.

முன்செல்ல மூன்று கியர், பின்செல்ல ஒன்று. தண்டின்மீது பற்சக்கரம் வழுக்கிச் சென்று, அடுத்த தண்டின் சக்கரத்தோடு பல்லும் பல்லுமாகக் கோத்துக்கொள்ளும் முறை இது. மோட்டார் வண்டியில் இதனை நிலைநாட்டியவர் பிரான்சின் எமில் லெவாசோர். 1895இல் பாரிஸிலிருந்து போர்தோ சென்று மீளும் பந்தயத்தில் ஏறத்தாழ 49 மணி நேரம் ஓட்டி முதலில் வந்து சேர்ந்தும், வண்டியில் இரண்டே இருக்கைகள் இருந்தமையால் முதற்பரிசை இழந்தவரும் அவரே. 1928இல் காடிலாக் கார்களில் சின்க்ரோமெஷ் வந்தபின் இந்த முரட்டு முறை கார்களிலிருந்து மெல்ல விலகியது. தோட்ட டிராக்டரில் அது நீடித்ததைக் கஞ்சத்தனம் என்று மட்டும் சொல்வதற்கில்லை. புல் வெட்டுபவர் ஒரு வேகத்தைத் தேர்ந்துகொண்டால் நெடுநேரம் அதிலேயே செல்வார். மாற்ற வேண்டுமாயின் கிளட்சை மிதித்து, வண்டியை நிறுத்திவிட்டு மாற்றலாம்.

ஆனால் பனிக்காலம் வேறு கதை. முன்னால் தகடு பூட்டிப் பனியைத் தள்ளுபவர் பத்தடி முன்னே செல்வார், பின்னே வருவார், மீண்டும் முன்னே செல்வார். ஒவ்வொரு முறையும் கியர் மாறும். நெம்புகோலின் கீழ்நுனி, பற்சக்கரங்களை நகர்த்தும் இரண்டு கவைகளுள் ஒன்றின் வெட்டில் புகுந்து அதைத் தள்ளுகிறது. உருண்டையாக இருந்த அந்நுனி, தள்ளும் திசையாகிய முன்புறமும் பின்புறமும் தேய்ந்து தட்டையாகிறது. இடவலப் பக்கங்கள் அவ்வளவு தேய்வதில்லை. எத்தனை விடியல்களில் யாரோ ஒருவர் தம் வீட்டு வழியைத் திறந்தார் என்பதற்கு இதுவே சான்று.

தேய்ந்த நெம்புகோல் கையில் சேற்றில் நட்ட குச்சிபோல் ஆடும். அது வெறும் தொல்லையன்று. ஒரு கவை நடுநிலைக்குத் திரும்புமுன் நுனி அதைவிட்டு நழுவி அடுத்த கவையைத் தள்ளினால், இரண்டு கியர்கள் ஒருசேரப் பூட்டிக்கொள்ளும்; வண்டி இம்மியும் நகராது. அப்போது முரட்டு விசை கொடுத்தால் உடைவது பற்களே.

செய்த நிறுவனமும் இன்று அந்த உருவில் இல்லை. 1979 நவம்பரில் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்த வேலைநிறுத்தமும் கடன்சுமையும் அதைச் சாய்த்தன. 1981இல் கப் கேடட் எம்.டி.டி. நிறுவனத்திடம் சென்றது, 1985இல் வேளாண் எந்திரப் பிரிவு டென்னகோ வசமாயிற்று. பெயர்கள் விற்பனைப் பத்திரங்களில் பிழைத்திருக்கின்றன. நுனியைப் பழையபடி ஆக்கும் வேலையோ பட்டறை மேசையில்தான் நடக்கிறது.

நெம்புகோலைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, தட்டையான பக்கங்களில் வெல்டிங் வைத்து உலோகத்தை ஏற்றுகிறார்கள். எவ்வளவு ஏற்றுவது? தேயாத இடவலப் பக்கங்களை அளந்தால் மூல அளவு ஏறக்குறையத் தெரிந்துவிடும். சிதைந்த ஏட்டில் எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு பாடம் காணும் பதிப்பாசிரியரின் வேலைக்கு இது அதிகத் தொலைவில் இல்லை. பிறகு அரத்தால் சிறிது சிறிதாக ராவி, கவையின் வெட்டில் வைத்துப் பார்த்து, மீண்டும் ராவ வேண்டும். மிகுதியாகக் குறைத்தால் பழைய ஆட்டம் திரும்பும். குறைக்காமல் விட்டால் நுனி சிக்கிக்கொள்ளும். கவையை அதன் இடத்தில் நிறுத்தும் சுருள்வில் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றுதல் நலம். இல்லையேல் நன்றாகப் பூட்டிய கியரும் ஓட்டத்தில் விடுபடும்.

வெளித்தகட்டிற்கு மஞ்சளும் வெள்ளையும் பூசிக் கண்காட்சிக்கு அனுப்பும் சேகரிப்பாளர் சிலர் இந்த நுனியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பூச்சு முடிந்த வண்டியில் மூடியை மறுபடி திறப்பது யாருக்கும் மனம் வராத காரியம். ஆகவே மூடியை முடுக்குமுன், எஞ்சின் ஓடாத நிலையில், நான்கு கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் நடுநிலைக்குக் கொணர்ந்து, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்துவிடுகிறார்கள்.