கடற்பாலத்தின் தென்கரையிலிருந்து: ஜொகூர்த் தமிழர் தாய்மொழியைக் கேட்டு வந்த வழி

மலேசியத் தமிழரின் பண்பாட்டு வரலாறு பெரும்பாலும் கோலாலம்பூரை நடுவில் வைத்தே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1924இல் அங்கே நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய தமிழ் நேசன், 1966இல் தனிநாயகம் அடிகளின் முயற்சியால் அங்கே கூடிய முதல் உலகத் தமிழ் மாநாடு என்று அந்த வரலாறு நகரும். ஜொகூருக்கு இந்த வரைபடம் சரியாகப் பொருந்துவதில்லை. தமிழ்நாட்டுப் பேச்சும் பாட்டும் அரசியலும் இம்மாநிலத் தமிழரை வந்தடைந்ததில் சிங்கப்பூருக்கே முதல் பங்கு என்பது இக்கட்டுரையின் வாதம்.

1909இல் ரயில் பாதை ஜொகூர் பாருவரை நிறைவுற்றது. உள்நாட்டில் கித்தா எனும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் தம் ஊர்ப்பக்கம் போய்த் திரட்டி வந்தவர்கள் கூலாய், குளுவாங், லாபிஸ், சிகாமட் வட்டாரத்து லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியேறினார்கள். அவர்களோடு தாலாட்டும் ஒப்பாரியும் கூத்தும் மாரியம்மனும் வந்தன. ஜொகூர் பாருவின் ராஜமாரியம்மன் கோயில் 1911இல் எழுந்தது. அந்தக் காலத்தில் ஊர்ச் சேதி என்பது ஆள்வழிச் சேதிதான். புதிதாக வந்து இறங்கியவர் வாயைப் பார்த்து நான்கு வீடு கூடும். 1938இல் உடலுழைப்புத் தொழிலாளரை மலாயாவுக்குத் திரட்டி அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. கங்காணி முறையை ஆராய்ந்தவர்கள் இத்தடையைப் பெரும்பாலும் கூலியோடும் உழைப்போடும் பொருத்திப் பார்த்தார்கள். மொழிக்கு அது செய்ததும் சிறிதல்ல. ஆள் வரத்து சுருங்கிய பிறகு, ஊரை அறியத் தாளையும் ஒலியையும் நாடவேண்டியதாயிற்று. இரண்டும் தெற்கிலிருந்து வந்தன.

தாள் முதலில் வந்தது. சிங்கப்பூரோடு இணைக்க ஜொகூர் நீரிணையைக் கடக்கும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளக் கடற்பாலம் 1923இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டு, 1924இல் முறைப்படித் திறப்பு விழா கண்டது. 1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து சுற்றிப்போன அலையில் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. 1935 ஜூலையில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு பிறந்தது. சாதி ஒழிப்பு, சுயமரியாதைத் திருமணம் ஆகியவற்றோடு தமிழ்நாட்டுச் செய்திகளையும் அது பாலம் கடந்து ஜொகூருக்குச் சேர்த்தே கொண்டுவந்தது. 1952இல் சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாள் விழா மலாயா முழுவதும் பரவியது. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த 1950களில், அதன் இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று அவர் போராடினார். அங்கே தமிழ் நூலகம் அமைக்க ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதியும் திரட்டினார். எளிய தொழிலாளரும் அதற்குக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலை மிதிப்பார்களா என்று தெரியாத நிலையில் கொடுத்த காசு அது. புரவலர் பட்டியல்களுக்குக் கிடைத்த கவனம் அதற்குக் கிடைக்கவில்லை.

தாள் படித்தவரைத்தான் சேரும். வானொலி அப்படியல்ல. 1946இல் தொடங்கிய ரேடியோ மலாயாவின் தலைமையகம் சிங்கப்பூரிலேயே இருந்தது. 1948இல் அவசரகாலம் வந்ததும், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரசாரத்துக்காக அரசு தோட்டங்களில் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. போர் கடுமையாக நடந்த மாநிலங்களில் ஜொகூரும் ஒன்று. அரசு நினைத்தது ஒன்று, தோட்டத்தார் கேட்டது வேறு. விடிகாலையில் ஆளெண்ணும் பெரட்டு முடிந்து, பால் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்து, குளித்து முடித்த மாலைப்பொழுதில் பெட்டியின் முன் கூடியவர்கள் காத்திருந்தது திரைப்பாட்டுக்கும் நாடகத்துக்கும். நேயர் விருப்பத்தில் பாட்டுக்கு முன்னால் பெயர்களை வாசிப்பார்கள்: தோட்டத்தின் பெயர், பிறகு அப்பா, அம்மா, அக்கா, மாமா, சின்னம்மா என்று வீட்டுப் பெயரெல்லாம். பாட்டைவிடப் பட்டியல் நீளம் என்று கேலி செய்வதுண்டு. ஆனால் தோட்டத் தமிழரின் பெயர் பொதுவெளியில் மரியாதையோடு ஒலித்த இடங்கள் அன்று மிகக் குறைவு. சம்பளப் பேரேட்டில் இருந்த பெயருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சாதாரணமானதல்ல.

1959இல் வானொலி இரண்டாகப் பிரிந்தது. ரேடியோ மலாயா கோலாலம்பூருக்குப் போனது. சிங்கப்பூர் தனி நிலையமானது. 1965இல் நாடே பிரிந்தது. 1967இல் பாலத்தில் கடவுச்சீட்டுச் சோதனை வந்தது. ஒரு நாட்டுச் செய்தித்தாள் மறு நாட்டில் விற்கப்படாத நிலையும் பின்னர் ஏற்பட, ஜொகூர் வாசகர் கையிலிருந்து தமிழ் முரசு நழுவியது. அந்த இடத்தைக் கோலாலம்பூர் நாளிதழ்கள் பிடித்தன. ஒலியலைக்குக் கடவுச்சீட்டு தேவைப்படவில்லை. 1963இல் தொலைக்காட்சி வந்த பிறகு, மாநிலத்தின் தென்கோடி வீடுகளில் சிங்கப்பூரை நோக்கித் திருப்பிய ஆன்டெனா வழக்கமான காட்சியானது. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. தமிழ்ச் செய்தியும் நாடகமும் அரசுக் கடமையாகவே ஒளிபரப்பாயின. அதன் பயனைக் கடற்பாலத்தின் இந்தப் பக்கத்தாரும் செலவில்லாமல் அனுபவித்தார்கள்.

கடல் கடந்தும் தாய்மொழிப் பண்பாட்டைப் பின்தொடர்ந்த வேறு இனத்தாரோடு ஒப்பிட்டால் ஒரு குறை தெரிகிறது. ஐரிஷ்காரர்களை எடுத்துக்கொள்வோம். சிக்காகோ காவல்துறைத் தலைவராயிருந்த பிரான்சிஸ் ஓ’நீல் 1903இல் 1,850 மெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டார். அயர்லாந்தின் ஸ்லைகோவிலிருந்து போன மைக்கேல் கோல்மன் 1920களில் நியூயார்க்கில் பதிவு செய்த பிடில் இசைத்தட்டுகள் அயர்லாந்துக்கே திரும்பி வந்து, அங்குள்ளவர்கள் வாசிக்கும் முறையையே மாற்றின. குடிபெயர்ந்தவர்கள் கேட்டதோடு நிற்கவில்லை, தொகுத்தார்கள், திருப்பியும் அனுப்பினார்கள். ஜொகூர் லயங்களின் ஒப்பாரியையும் கூத்துப் பாட்டையும் அந்த அளவுக்குத் தொகுத்து வைக்க இங்கே ஒரு ஓ’நீல் வாய்க்கவில்லை. மலேசியத் தமிழ் ஒலி தமிழ்நாட்டுக் காதில் ஓங்கி விழுந்தது மிகத் தாமதமாகத்தான்: 2006இல் யோகி பி, நட்சத்திரா குழுவின் ‘வல்லவன்’ தொகுப்பு, அடுத்த ஆண்டு ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பியின் ராப். அதுவும் தோட்டத்திலிருந்து வந்ததல்ல, நகரத்திலிருந்து வந்தது.

இதற்கிடையே, 1996இல் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி தன் வானவில் அலைவரிசையோடு வந்தபோது ஜொகூரின் காது வடக்கே, கோலாலம்பூரை நோக்கித் திரும்பத் தொடங்கியது. டி.எச்.ஆர். ராகா வானொலி அதை விரைவுபடுத்தியது. 1981இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலை நிறுவனம் ஜொகூர் பாருவிலும் கிளை பரப்பி, பரதத்தையும் கருநாடக இசையையும் நடுத்தர வர்க்க வீடுகளுக்குக் கொண்டுசென்றது. ஆயினும் விடியுமுன் வண்டி எடுத்துப் பாலம் கடந்து வேலைக்குப் போகும் ஜொகூர் பாருத் தமிழர் சிங்கப்பூரின் ஒலி 96.8 வானொலியை இன்றும் கேட்கிறார்கள். வார இறுதியில் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவுக்குப் போகிறார்கள்.

இந்த வரலாற்றுக்கான சான்றுகளின் இருப்பிடமும் இதே கதையைச் சொல்கிறது. பழைய தமிழ் முரசு இதழ்களை மின்வடிவில் பாதுகாத்திருப்பது சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம். கூலாய்த் தோட்டம் ஒன்றில் தமிழர் திருநாள் எப்படி நடந்தது என்று தேடும் ஆய்வாளர், அண்டை நாட்டு ஆவணத்தைத்தான் முதலில் திறக்க வேண்டியிருக்கிறது.