மூலக்கூறு முன்பயிற்சி

மருந்தாகக்கூடிய சேர்மங்களைத் தேடும் இயந்திரக் கற்றல் மாதிரிக்கு, ஆய்வக முடிவு எதையும் காட்டாமல், ஏராளமான மூலக்கூறுகளின் அமைப்பை மட்டும் முதலில் படிக்கக் கொடுப்பது மூலக்கூறு முன்பயிற்சி. சோதித்துப் பார்த்த தரவு குறைவு என்பதே இதன் தேவைக்குக் காரணம். பப்கெம் தரவுத்தளத்தில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட சேர்மங்கள் உள்ளன. மாலிக்யூல்நெட் தொகுப்பிலோ, ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையுமா எனக் குறிக்கப்பட்டவை இரண்டாயிரத்துச் சொச்சம்தான்.

மூலக்கூறை எழுத்து வரிசையாக்கும் ஸ்மைல்ஸ் குறியீட்டை டேவிட் வெய்னிங்கர் 1988இல் வெளியிட்டார். அதில் எத்தனால் ‘சிசிஓ’ என மூன்றே எழுத்து. ஹைட்ரஜன்கள் சொல்லாமலே விளங்கும். வளையத்துக்கு எண், கிளைக்கு அடைப்புக்குறி. சில எழுத்துகளை மறைத்துவிட்டு மாதிரியையே நிரப்பச் சொல்வது வழக்கமான பயிற்சி. திறந்த வளையம் மூடியாக வேண்டும், கார்பனுக்கு நான்கு பிணைப்புக்கு மேல் கிடையாது போன்ற ஒழுங்குகள் இதில் தாமாகப் படிகின்றன. பிறகு, குறியிட்ட சிறு தொகுப்பில் நுண்பயிற்சி.

சேயோன் சித்ரானந்தா, கேப்ரியல் கிராண்ட், பரத் ராம்சுந்தர் ஆகியோரின் கெம்பெர்ட்டா (2020) இவ்வகையைச் சேர்ந்தது, 7.7 கோடி வரிசைகள் கொண்ட தொகுப்பையும் அவர்கள் வெளியிட்டனர். ஐபிஎம்மின் மோல்ஃபார்மர் (2022) 110 கோடியை எட்டியது. எண்ணிக்கை மயக்கம் தரக்கூடியது. அணுக்களின் வலைப்பின்னலாக மூலக்கூறைக் கொள்ளும் மாதிரிகளில், முன்பயிற்சியை ஏனோதானோவென்று வகுத்தால் சில பணிகளில் அது இல்லாததைவிட மோசமாகும் என ஸ்டான்ஃபோர்டின் வெய்ஹுவா ஹு குழு 2020இல் காட்டியது.

எதைப் படிக்கக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். விற்பனைக்கான செயற்கைச் சேர்மங்களே பெருந்தொகுப்புகள் பலவற்றை நிரப்புகின்றன. மூலிகைச் சேர்மங்களின் வார்ப்பு வேறு. சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சாமல் குழு உருவாக்கிய ‘இம்பேட்’ தரவுத்தளம் இங்கே பயன்படுகிறது. 2018இல் அது 1,742 இந்திய மூலிகைகளையும் 9,596 தாவர வேதிப்பொருள்களையும் கொண்டிருந்தது. இரண்டாம் பதிப்பில் 4,010 மூலிகைகள், 17,967 வேதிப்பொருள்கள். வேரிலா இலையிலா என்ற விவரமும், முப்பரிமாண அமைப்பும் உண்டு. முன்பயிற்சிக்கு இது மிகச் சிறிது. பெருந்தொகுப்பில் பயின்ற மாதிரியை மூலிகைப் பக்கம் திருப்பவும், சேர்மங்களைச் சலித்தெடுக்கவும் போதும்.

ஆனால் இரு இடர்கள் உண்டு. தாவரச் சேர்மங்களில் இட-வல வேறுபாடு மிகுதி. கார்வோனின் ஒரு வடிவம் புதினா மணம் தரும், அதன் கண்ணாடிப் பிம்பம் சீமைச் சோம்பு மணம். இதற்கான குறிகளை நீக்கிவிட்டுப் பயிற்றினால் மாதிரிக்கு இரண்டும் ஒன்றே. அடுத்தது தேர்வு முறை. ஒரே ஃபிளேவனாய்டு சட்டகத்தில் சர்க்கரை மட்டும் மாறிய சேர்மங்கள் பயிற்சியிலும் தேர்விலும் கலந்துவிட்டால் மதிப்பெண் பொய்யாக உயரும். அதனால் சட்டகவாரியாகப் பிரித்து, பயிற்சியில் வராத சட்டகங்களில் மட்டும் மாதிரியைச் சோதிக்கின்றனர்.