பெல்லிபோர்டு

பெல்லிபோர்டு என்பது கடலலையில் குப்புறப் படுத்தபடி சறுக்கிக் கரை சேர உதவும் சிறிய மரப்பலகை. நீளம் பெரும்பாலும் 60 முதல் 120 செ.மீ. வரை இருக்கும். அகலம் ஏறத்தாழ 30 செ.மீ.; கனம் ஓரிரு செ.மீ.க்குள் அடங்கும். ஓர் ஆளைத் தாங்கி மிதக்கும் திறன் இதற்குக் கிடையாது. அலை தள்ளும் வேகம் கிடைத்த பிறகே நீர்ப்பரப்பின் மேல் எழுந்து சறுக்கும். புகழெல்லாம் நின்றபடி சறுக்கும் நெடும்பலகைக்குப் போய்விட்டது. ஆனால் சிறுவர், முதியோர், நீச்சலில் தேர்ச்சியில்லாதோர் என எல்லோரையும் அலையேற வைத்த பெருமை இந்தச் சிறு பலகைக்கே உரியது. கையில் ஒரு துண்டு மரம், எதிரே உடையும் அலை, இவ்விரண்டும் போதும் என்பதால் ஒன்றையொன்று அறியாத கரைகளிலும் இது தோன்றியது.

தொடக்ககாலப் பதிவுகள்

1769-இல் கேப்டன் குக்கின் கப்பலில் தாஹிட்டித் தீவுக்கு வந்த ஜோசப் பேங்ஸ், பழைய படகொன்றின் பின்பகுதியைத் தள்ளிக்கொண்டு நீந்திச் சென்று, உடையும் அலையோடு திரும்பி வந்த தீவினரைப் பற்றித் தம் நாட்குறிப்பில் எழுதினார். மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றைய கானாவின் அக்ரா கரையில், சிறுவர்கள் எடை குறைந்த பலகைகளை வயிற்றுக்கடியில் வைத்து நீந்திப்போய் அலைக்குக் காத்திருந்ததை, 1830-களில் அங்கு வந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஜேம்ஸ் அலெக்சாண்டர் பதிவு செய்தார். ஜப்பானில் மீன்பிடிப் படகின் தளப்பலகையைக் கழற்றி அலையில் விளையாடும் வழக்கம் இருந்தது.

ஹவாய்

இந்தக் கலை முழுமை பெற்றது ஹவாய்த் தீவுகளில். அங்கு சிறு பலகைக்குப் பைப்போ என்று பெயர். அதைவிட நீண்ட மெல்லிய பலகை அலாயா. குலத்தலைவர்களுக்கு உரியதாகச் சொல்லப்படும் மிக நீண்ட, கனத்த பலகை ஓலோ. கோவா என்னும் வேல இன மரம், ஈரப்பலா, நம் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்த விலிவிலி ஆகியவை பலகை செய்ய உதவின. விலிவிலி மிக லேசானது.

மரத்தை வெட்டுகையில் செய்த சடங்கைத் தாமஸ் திரம் 1896-இல் வெளியிட்ட கட்டுரை விவரிக்கிறது. தேர்ந்த மரத்தின் அடியில் குமு என்ற செந்நிற மீனை வைப்பார்கள். மரம் சாய்ந்ததும் வேர்க்குழியில் அந்த மீனை இட்டு வேண்டிக்கொள்வார்கள். பிறகு கல் வாய்ச்சியால் இரு புறமும் செதுக்கி, படகுக் கொட்டகைக்குக் கொண்டுபோய், பவளக்கல்லாலும் சொரசொரப்பான கல்லாலும் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். குக்குய் கொட்டையைச் சுட்ட கரி போன்றவற்றால் கருநிறம் ஏற்றி, எண்ணெய் பூசுவார்கள். ஆடி முடித்த பலகையை வெயிலில் உலர்த்தி, எண்ணெய் தடவி, மரப்பட்டைத் துணியில் சுற்றி வீட்டுக்குள் வைப்பது வழக்கம்.

1778-இல் குக் வந்தபின் கப்பல்களோடு வந்த நோய்கள் ஹவாய் மக்களைக் கொன்று குவித்தன. 1896 கணக்கெடுப்பில், கலப்பினத்தாரையும் சேர்த்து ஹவாய்ப் பூர்வகுடிகள் 40,000 பேருக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தார்கள். 1820 முதல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிகள், மேலாடையின்றி ஆணும் பெண்ணும் கூடியாடும் இந்த விளையாட்டை விரும்பவில்லை. பலகை செதுக்கும் கைகளும் அதைக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளும் குறைந்ததே இவ்விளையாட்டின் வீழ்ச்சிக்கு முதற்காரணம்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கீக்கீ கடற்கரையில் அலைச்சறுக்கு மீண்டும் தழைத்தது. ஒட்டுப்பலகை மலிவாகக் கிடைத்ததும் பைப்போ புது வடிவம் பெற்றது. வைக்கீக்கீயின் கப்பாஹுலு தடுப்புச்சுவர் அருகே பல தலைமுறைச் சிறுவர்கள் இதில்தான் அலையைக் கற்றார்கள். நெடும்பலகை வல்லுநரான வாலி ஃபுரோய்செத் செய்த ஒட்டுப்பலகைப் பைப்போக்கள் இன்றும் பேசப்படுகின்றன.

கார்ன்வால்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் முதல் உலகப் போருக்குப் பிறகு இப்பழக்கம் வேரூன்றியது. போர்க்களத்தில் தென்னாப்பிரிக்க வீரர்களிடம் கேட்டறிந்து வந்தவர்கள் இதைத் தொடங்கியதாகக் கூறப்படுகிறது. பெரன்போர்த் ஊரில் முதற்பலகைகளைச் செய்துதந்தவர் சவப்பெட்டி செய்யும் தச்சர் என்பதும் அவ்வூர் வழக்கு. துப்பறியும் நாவலாசிரியர் அகதா கிறிஸ்டி 1922-இல் அதே தென்னாப்பிரிக்காவின் மைசன்பெர்க்கில் இத்தகைய மெல்லிய பலகையில் அலையேறிவிட்டு, பின்னர் ஹவாயில் நின்று சறுக்கவும் கற்றுக்கொண்டார். விடுமுறைக்குக் கார்ன்வாலுக்கு ரயிலேறி வந்த நகரத்துக் குடும்பங்கள் வழியே பலகை நாடெங்கும் பரவியது.

செய்முறையும் ஏறும் முறையும்

கார்ன்வால் பலகை நீர் தாங்கும் மெல்லிய ஒட்டுப்பலகையால் ஆனது. நீளம் ஏறத்தாழ 1.2 மீட்டர். முன்முனையை ஆவியில் வேகவைத்து, மர அச்சில் பொருத்தி இறுக்கி, உலரும்வரை அப்படியே விடுவார்கள். முனை மேல்நோக்கி வளைந்து நிற்பது அழகுக்காக அல்ல. அந்த வளைவு இல்லாவிட்டால் பலகை நீருக்குள் குத்தி, ஆளைக் கவிழ்த்துவிடும். விளிம்புகளை உப்புத்தாளால் உருட்டித் தேய்த்து, வார்னிஷோ ஆளிவிதை எண்ணெயோ பூசினால் வேலை முடிந்தது.

ஏறுபவர் இடுப்பளவு நீரில் அலைக்கு முதுகு காட்டி, பலகையின் பின்விளிம்பை அடிவயிற்றோடு சேர்த்துப் பிடித்து நிற்பார். நுரை முதுகைத் தொடும் வேளையில் காலால் உந்திப் பாய வேண்டும். முந்தினால் அலை மேலே விழும்; பிந்தினால் அடியில் கடந்து போய்விடும். சறுக்கத் தொடங்கியபின் கைகளை நீட்டி, தலையை நிமிர்த்தி, உடலைச் சாய்த்துத் திசை திருப்ப வேண்டும். பலகையின் அடியில் துடுப்பு இல்லாததால் விளிம்பும் கால்களுமே சுக்கான். கண் நீர்மட்டத்தோடு ஒட்டியிருப்பதால் முட்டியளவு அலையிலும் பெரும் வேகத்தில் போவதாகத் தோன்றும்.

நுரைப்பலகையின் வரவு

1971 ஜூலையில் ஹவாயில் டாம் மோரி என்பவர் பாலிஎத்திலீன் நுரைத்துண்டை மின்கத்தியால் அறுத்து, மேலே செய்தித்தாளை விரித்து இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துப் பரப்பை மூடி, பூகி போர்டை உருவாக்கினார். அது மென்மையானது, மிதந்து ஆளையும் தாங்கியது. சில ஆண்டுகளில் மரப்பலகையை அது பெரும்பாலான கடைகளிலிருந்து வெளியேற்றிவிட்டது. ஆனால் மலிவான நுரைப்பலகைகள் ஒரே பருவத்தில் உடைந்து குப்பையாகக் கரையில் குவிவதும் பின்னர் பெரும் சிக்கலானது.

மறுமலர்ச்சி

கார்ன்வாலின் சேப்பல் போர்த்தில் 2000-களில் தொடங்கிய உலக பெல்லிபோர்டு போட்டியில் மரப்பலகை கட்டாயமாக்கப்பட்டது. குளிர்காக்கும் ரப்பர் நீருடைக்கும், காலில் மாட்டும் துடுப்புக்கும் தடை விதிக்கப்பட்டது. அதே பத்தாண்டில் ஆஸ்திரேலியாவில் பலகை செய்துவந்த டாம் வெகனர், ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்திலுள்ள பழம்பலகைகளை ஆராய்ந்து, உப்புநீரைத் தாங்கும் லேசான பௌலோனியா மரத்தில் அலாயாவை மீண்டும் செய்தார். துடுப்பில்லாத மெல்லிய மரம் எவ்வளவு வேகமானது என்பது அதனால் மறுபடி நிரூபணமாயிற்று. பப்புவா நியூகினியின் வனிமோ பகுதியிலோ இக்கலைக்கு மறுமலர்ச்சி தேவைப்படவில்லை. அங்குள்ள பிள்ளைகள் செதுக்கிய பலகைத் துண்டுகளில் அலையேறிப் பழகி, தேசிய அளவிலான போட்டி வரை போகிறார்கள்.