அமைதிப் பேச்சுவார்த்தையும் அடிப்படை உரிமையும்

ஊரில் பூசல் எழும்போது வட்டாட்சியரோ கோட்டாட்சியரோ இரு தரப்பாரையும் அலுவலகத்துக்கு வரவழைத்து, காவல்துறையினர் உடனிருக்கப் பேசி, எழுதி வாங்கி முடித்துவைக்கும் அமைதிப் பேச்சுவார்த்தை தமிழ்நாட்டு நிர்வாகத்தில் நெடுங்காலமாக வேரூன்றிய நடைமுறையாகும். அடிதடியையும் உயிர்ச்சேதத்தையும் அது பலமுறை தடுத்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அங்கே பெறப்படும் கையொப்பம் ஒருவரின் அடிப்படை உரிமையைப் பறிக்க வல்லதா என்னும் வினா வழிபாடு, எழுத்து, திருமணம் என வேறுவேறு துறைகளின் வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்திருக்கிறது. தனித்தனியே பேசப்படும் அத்தீர்ப்புகளைச் சேர்த்து வைத்துப் படிக்கும்போது, ஊர் அமைதி என்பதற்கு நீதிமன்றம் படிப்படியாக வேறொரு பொருளைத் தந்திருப்பது தெரிகிறது.

தொடக்கம் அப்படி இருக்கவில்லை. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், வழக்காறு, அதாவது நெடுநாள் பழக்கத்தால் சட்டத்தின் வலிமையைப் பெற்றுவிட்ட ஊர்நடைமுறை, அவர்களுக்கு எதிராகவே இருப்பதாகக் கீழமை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் கொண்டன. 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதிசெய்தது. வழக்காறே நீதியாகக் கருதப்பட்ட அந்நிலையை நீதிமன்றத்தைவிடச் சட்டமன்றமே முதலில் மாற்றியது. 1947ஆம் ஆண்டின் சென்னை ஆலய நுழைவு அனுமதிச் சட்டம் இந்துக்கள் அனைவருக்கும் கோயில் கதவைத் திறந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

சட்டம் திறந்த கதவு ஊரில் திறக்க எவ்வளவு காலம் ஆகும் என்பதற்குத் திருவண்ணாமலை மாவட்டமே சான்று. பௌர்ணமிதோறும் எல்லாச் சாதியாரும் ஒரே பாதையில் கிரிவலம் வரும் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இம்மாவட்டத்தில், தண்டராம்பட்டு அருகிலுள்ள தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சமூகத்தார் முதன்முறையாகச் சென்று வழிபட்டது 2023 சனவரி 30 அன்றுதான். அங்கே மாவட்ட நிர்வாகம் பேச்சுவார்த்தை நடத்தியது. எதிர்ப்பு அடங்காத நிலையிலும் காவல் பாதுகாப்போடு அவர்களை உள்ளே அழைத்துச் சென்றது. அண்டை மாவட்டமான விழுப்புரத்தின் மேல்பாதியில் நேர்ந்ததோ வேறு. திரௌபதி அம்மன் கோயிலில் எழுந்த அதே வகைப் பூசலுக்குக் கோயிலையே பூட்டி முத்திரையிடுவது 2023 சூனில் தீர்வாகக் கொள்ளப்பட்டது. உயர் நீதிமன்ற ஆணைக்குப் பின் 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் நடை திறந்தது. பட்டியல் சமூகத்தார் உள்ளே சென்று வழிபட 2025 ஏப்ரல் ஆயிற்று. கதவைப் பூட்டியும் அமைதி காக்கலாம், திறந்தும் காக்கலாம்; ஆனால் பூட்டும்போது, தடுத்தவரும் தடுக்கப்பட்டவரும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றனர் என்பதே இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு.

உசிலம்பட்டி வட்டாரக் கோயிலொன்றில், நோயுற்ற தந்தைக்குப் பதிலாகப் பூசை செய்துவந்த மகளை ஊரார் எதிர்த்தபோதும், அமைதிக்காகத் தடுக்கப்பட்டவரின் உரிமையை விட்டுக்கொடுக்கலாமா என்னும் இதே வினாதான் எழுந்தது. 2008இல் அவ்வழக்கை மதுரைக் கிளையில் விசாரித்த நீதியரசர் கே. சந்துரு, பெண் பூசாரியாவதைத் தடுக்கும் சட்டம் எதுவுமில்லை என்று தீர்த்து, அவருக்குப் பாதுகாப்பளிக்கச் செய்தார்.

இவ்வரிசையில் மிகுந்த தெளிவுடையது எழுத்தாளர் பெருமாள்முருகன் தொடர்பான தீர்ப்பு. 2010இல் வெளிவந்த ‘மாதொருபாகன்’ நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி மூண்டதும், 2015 சனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட வருவாய் அலுவலர் கூட்டிய பேச்சுவார்த்தையில் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவித்து அவர் கையொப்பமிட நேர்ந்தது. எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்தது அதன் பின்னரே. 2016 சூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதியரசர் புஷ்பா சத்தியநாராயணா ஆகியோரின் அமர்வு, அந்த உடன்பாடு அவரை எவ்வகையிலும் கட்டுப்படுத்தாது என்று தீர்த்தது. நூலைத் தடைசெய்யுமாறு கேட்ட மனுவைத் தள்ளியதைவிட இந்தப் பகுதியே ஆழமானது. ஏனெனில் அரசு தடை விதிக்காமலே, அமைதியின் பெயரால், தடையின் விளைவை உண்டாக்கும் வழியை அது அடைத்தது.

பேச்சுவார்த்தை அலுவலகத்திலிருந்து காவல் நிலையத்துக்கு இடம் மாறும்போது விலை இன்னும் கொடியது. உசிலம்பட்டிப் பகுதியில் சாதி மறுத்து மணந்த இளம்பெண் ஒருவர் பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டபின் 2014இல் உயிரிழந்தார். அவ்வழக்கில் 2016 ஏப்ரலில் ஆணையிட்ட நீதியரசர் வி. ராமசுப்பிரமணியன், இத்தகைய இணையரின் முறையீடுகளைக் கேட்டுப் பாதுகாக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோர் கொண்ட தனிப்பிரிவு அமைக்கப் பணித்தார்.

உயர் நீதிமன்றம் இவற்றில் தலையிட வழிசெய்வது அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவு தரும் நீதிப்பேராணை அதிகாரம். அதாவது, கடமை தவறிய அதிகாரியை அதைச் செய்யுமாறோ, வரம்பு மீறியவரை நிறுத்துமாறோ ஆணையிடும் அதிகாரம். ஆயின் அது பெரும்பாலும் கையொப்பம் விழுந்து மாதங்கள் கழிந்த பின்னரே வந்து சேர்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரைப் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. அமைதிப் பேச்சுவார்த்தைக்கான அழைப்போடு இவ்வுரிமையையும் எழுத்தில் தெரிவித்து, வழக்கறிஞர் அருகிலிருக்கப் பேசும் முறையைத் திருவண்ணாமலையின் வட்டாட்சியர் அலுவலகங்களிலேயே தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.