அடைக்கோழியின் வரலாறு: கலப்புக் கோழிக்கூட்டத்தின் தேர்வு இனப்பெருக்கத்தில் அடைகாக்கும் பண்பு

ஆய்வுச் சுருக்கம்

புறக்கடைக் கோழி வளர்ப்பில் தேர்வு இனப்பெருக்கம் என்பது முட்டை எண்ணிக்கை, உடல் எடை, நிறம் ஆகியவற்றைக் கொண்டே பெரிதும் பேசப்படுகிறது. கோழிக்கூட்டத்தைத் தலைமுறைதோறும் நிலைநிறுத்திய அடைகாக்கும் பண்பு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து எவ்வாறு குறையாகக் கருதப்படலாயிற்று என்பதையும், அம்மாற்றம் தமிழகத்துக் கலப்புக் கோழிக்கூட்டங்களில் விளைவித்த சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அடைகாத்தல், புறக்கடைக் கோழி, தேர்வு இனப்பெருக்கம், தரமுயர்த்தல், நாட்டுக்கோழி.

முன்னுரை

தமிழர் வாழ்வில் கோழி பெற்ற இடத்தை ஆராய்வோர் பெரும்பாலும் சேவலிலிருந்தே தொடங்குவர். சான்றுகளும் அவ்வாறே அமைந்துள்ளன. குப்பைக் கோழிகளின் தனிப்போரை உவமையாக்கிய குறுந்தொகைப் புலவர் அவ்வுவமையாலேயே குப்பைக்கோழியார் எனப்பட்டார். புறப்பொருள் வெண்பாமாலை கோழி வென்றியை ஒரு துறையாகவே கொள்கிறது. வட தமிழகத்தின் அரசலாபுரம், இந்தளூர் ஆகிய ஊர்களில் கிடைத்த பழைய நடுகற்கள் ஊர்ச் சேரிகளின் சார்பில் போரிட்ட சேவல்களுக்காக எடுக்கப்பட்டவை. இந்தளூர்க் கல்லில் அச்சேவலின் பெயர் பொற்கொற்றி என வெட்டப்பட்டுள்ளது.

ஒரு தனிப்பறவையின் சிறப்பை அறிந்து, அதற்குப் பெயரிட்டு, அதன் இறப்பைக் கல்லில் பதிக்கும் சமூகத்தில் தேர்வுணர்வு இருந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் இச்சான்றுகள் களத்தில் நின்ற சேவலையே காட்டுகின்றன. முட்டைகளின்மேல் 21 நாட்கள் அமர்ந்து அச்சேவலைப் பொரித்த பெட்டை இவற்றுள் இடம்பெறவில்லை. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்னும் பழமொழி போன்ற வழக்குகளில்தான் தாய்க்கோழி நிலைபெற்றது. இனப்பெருக்க வரலாற்றை எழுதியவர்களிடமும் இதே சாய்வு காணப்படுகிறது.

அடை வைத்தலே தேர்வு

நாட்டுக்கோழி பொதுவாகப் பத்து முதல் பதினைந்து முட்டைகள் வரை இட்டபின் அடையில் அமரும். குஞ்சு பொரித்தபின் இரண்டு மாத அளவு குஞ்சுகளுடன் திரியும். அக்காலத்தில் முட்டையிடுவதில்லை. ஆகையால் ஆண்டில் மூன்று அல்லது நான்கு முறையே முட்டையிடும் பருவம் அமைகிறது. ஆண்டு முட்டை எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு இச்சுழற்சி முதன்மையான காரணம்.

இச்சுழற்சியை நடத்துபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. எந்தக் கோழி அடையில் உறுதியாக அமர்கிறது, எது பாதியில் எழுந்துவிடுகிறது, எது பருந்தைக் கண்டதும் குரல் கொடுத்துக் குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கிறது என்பவை அவர்களின் நினைவில் இருப்பவை. எந்த முட்டைகளை அடை வைப்பது, எவற்றைச் சமையலுக்கு எடுப்பது, எந்தக் கோழியை நீரில் முக்கியோ மூக்கில் இறகைச் செருகியோ அடை கலைப்பது என்ற முடிவுகள் ஒவ்வொன்றும் அடுத்த தலைமுறையின் இயல்பைத் தீர்மானிக்கின்றன. குறிப்பேடு இல்லை என்பதால் இதனைத் தேர்வு இனப்பெருக்கம் அல்ல என்று ஒதுக்க இயலாது. அடைகாக்காத கோழியின் முட்டையை வேறொரு கோழியின்கீழ் எவரேனும் வைத்தாலொழிய அதற்கு வாரிசு இல்லை. பண்பு தன்னைத் தானே காத்துக்கொண்ட முறை இது.

குறையாக மாறிய பண்பு

முட்டையைக் கோழியின்றிப் பொரிக்கும் கலை எகிப்தில் தொன்மையானது. அதனை ஐரோப்பாவில் பின்பற்ற முயன்ற ரியோமூர் 1749இல் செயற்கைப் பொரிப்பைப் பற்றி விரிவான நூல் வெளியிட்டார். ஆயினும் வெப்பத்தைச் சீராக வைக்கும் குஞ்சு பொரிப்பான்கள் வணிக நிலையை எட்டியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். 1879இல் கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் லைமன் பைஸ் உருவாக்கிய கருவியும், 1881இல் இங்கிலாந்தில் சார்லஸ் ஹியர்சன் தானியங்கி வெப்பக் கட்டுப்பாட்டுடன் அமைத்த கருவியும் குறிப்பிடத்தக்கவை. பெட்டலூமா விரைவில் வெள்ளை லெகார்ன் கோழிகளின் முட்டை நகரமாயிற்று.

கருவி பொரிக்கத் தொடங்கியதும் அடையில் அமரும் கோழி பண்ணையாளருக்கு இழப்பாகத் தோன்றியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரோட் ஐலண்டு ரெட் இனத்தைக் கொண்டு கூடேல் நடத்திய ஆய்வுகள் இம்மனநிலையின் முறையான வெளிப்பாடு. பொறிக்கூடு வழியாக ஒவ்வொரு கோழியின் முட்டையும் தனியே பதிவு செய்யப்பட்டது. உள்ளே சென்ற கோழி வெளிவர இயலாதபடி கதவு மூடிக்கொள்ளும் முட்டைப்பெட்டியே பொறிக்கூடு. முட்டையிடாமல் அடையில் கழித்த நாட்கள் அப்பதிவில் வெற்றிடங்களாகத் தெரிந்தன. கூடேலும் அவருடைய உடனாய்வாளர்களும் அடைகாத்தலைப் பற்றித் தனி அறிக்கையொன்றை 1920இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பன்னெட்டும் பெய்லியும் முட்டை நிறத்துடன் சேர்த்து அடைகாத்தலின் மரபுவழியை ஆராய்ந்தனர். வீட்டுப் பெண்ணின் நினைவில் இருந்த குணம் பதிவேட்டில் களைய வேண்டிய குறையாக இடம்பெற்றது.

கலப்பில் மீளும் பண்பு

கலப்புக் கூட்டத்தைப் பற்றிய கூர்மையான குறிப்பு இவற்றுக்கு முன்னரே டார்வினிடம் உள்ளது. வளர்ப்பு விலங்குகளின் மாறுபாட்டைப் பற்றிய 1868ஆம் ஆண்டு நூலுக்காக அவர் பல நாடுகளிலிருந்து பறவைத் தோல்களைத் திரட்டினார். சென்னையில் பணியாற்றிய வால்டர் எலியட்டிடமும் அவ்வுதவியை வேண்டிப் பெற்றார். அந்நூலில், அடைகாக்கும் இயல்பை இழந்த இரண்டு இனங்களைக் கலந்தால் பிறக்கும் பெட்டைகள் மீண்டும் அடையில் அமர்வதை மூதாதையர் பண்பின் மீட்சிக்குச் சான்றாகக் காட்டினார்.

மெண்டலியம் இதற்கு வேறு விளக்கம் தர இயலும். இரண்டு இனங்களும் ஒரே பண்பை வெவ்வேறு மரபுக்கூறுகளின் குறையால் இழந்திருந்தால், ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பிவிடும். பெட்டை தன் பால் குரோமோசோமாகிய இசட்டைத் தந்தையிடமிருந்தே பெறுவதால் அடைகாத்தல் சேவல் வழியாகவே இறங்குகிறது என்ற கருத்தும் நெடுங்காலம் நிலவியது. லெகார்னையும் பாண்டமையும் இருதிசையிலும் கலந்து ரோமனோவ் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு அதனை ஆதரிக்கவில்லை. பால் குரோமோசோம் அல்லாத பிற குரோமோசோம்களில் அமைந்த, ஒன்றுக்கு மேற்பட்ட ஓங்கு மரபணுக்களையே அது சுட்டியது.

இதன் நடைமுறைப் பொருள் எளிது. ஒரு கூட்டத்தில் அடைகாத்தலை வளர்க்க விரும்புபவர் சேவலை அதன் தோற்றத்தால் மட்டும் தேர்ந்தெடுக்க இயலாது. அதன் தாயும் உடன்பிறந்த பெட்டைகளும் மகள்களும் எவ்வாறு அமர்ந்தன என்பதே சான்று. கொண்டையின் வடிவத்தையும் இறகின் நிறத்தையும் சேவலிடமே காணலாம். அடையைக் காண இயலாது.

தமிழகத்தில் தரமுயர்த்தல்

20ஆம் நூற்றாண்டில் ஊரகச் சீரமைப்பை மேற்கொண்டோர் கையாண்ட எளிய வழி சேவலை மாற்றுவதாகும். ஊர்ச் சேவல்களை நீக்கி உயரினச் சேவல் ஒன்றை விட்டால் குஞ்சுகளில் அதன் பங்கு அடுத்தடுத்த தலைமுறைகளில் 50, 75, 87.5 விழுக்காடு என உயரும். அன்று திருவிதாங்கூரில் இருந்து 1956இல் சென்னை மாநிலத்தோடு இணைந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. மையம் ஸ்பென்சர் ஹாட்சின் தலைமையில் மேம்பட்ட கோழி வளர்ப்பையும் கூட்டுறவு முட்டை விற்பனையையும் பரப்பியது. ஏழைக் குடும்பத்தின் கையில் காசு சேர வேண்டும் என்ற அக்கறை அதில் உண்மையானது. ஆனால் எண்ணப்பட்டது முட்டை. பொரிப்பவர் யார் என்பது கணக்கில் வரவில்லை.

பின்னர்ப் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் புறக்கடைக்கெனவே இரகங்களை உருவாக்கின. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, ரோட் ஐலண்டு ரெட் வழியில் அமைந்தது. ஐதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்பிரியா ஆகியவையும் பரவின. இத்தகைய இரகங்கள் நாட்டுக்கோழியைவிட மிகுதியாக முட்டையிடுகின்றன அல்லது விரைந்து எடை கூடுகின்றன. அவற்றில் அடைகாக்கும் இயல்பு இல்லை, அல்லது மிகக் குறைவு. எனவே வளர்ப்போர் மீண்டும் குஞ்சு வாங்க வேண்டும். இன்றேல் அவற்றின் முட்டைகளை நாட்டுக்கோழியின்கீழ் அடை வைக்க வேண்டும்.

இரண்டாம் வழியே சிக்கனமானது. நுட்பமான இழப்பும் அதிலேதான் உள்ளது. நன்கு அமரும் கோழியின்கீழ் ஒவ்வொரு முறையும் அமராத கோழியின் பெரிய முட்டைகளை வைத்தால், அமரும் கோழி பிறருடைய குஞ்சுகளையே வளர்க்கிறது. அதன் சொந்த முட்டை சமையலுக்குப் போகிறது. சில தலைமுறைகளில் முற்றத்தில் முட்டையிடும் கோழிகள் பல இருக்கும். அடை வைக்கக் கோழி கிடைக்காது. அயல் வீட்டில் அடைக்கோழி இரவல் கேட்கும் நிலை அதன்பின் வருவதே. டார்வின் காட்டிய மீட்சி ஓரளவு துணை செய்யலாம். அதனைத் தக்கவைக்க, மீண்டும் அமர்ந்த பெட்டையின் முட்டைகளே அதன்கீழ் இருக்க வேண்டும். முட்டையிடும் நாளிலேயே கரியால் குறியிட்டு வைத்தால் இது இயலும்.

சேவலின் எண்ணிக்கையும் கருதத்தக்கது. சுவால் ரைட் 1931இல் தந்த வாய்பாட்டின்படி, ஒரு சேவலும் 10 பெட்டைகளும் கொண்ட மூடிய கூட்டம் மரபியல் அளவில் ஏறத்தாழ 3.6 பறவைகளுக்கே சமம். உட்கலப்பு தலைமுறைக்கு ஏறத்தாழ 14 விழுக்காடு ஏறும். சேவல்கள் மூன்றானால் அது 5.4 விழுக்காடாகக் குறையும். ஒரே வீட்டில் மூன்று சேவல்களை வைப்பது எளிதன்று. அவை ஒன்றையொன்று பொறுப்பதில்லை. அண்டை வீட்டுச் சேவல் தடையின்றி வந்துபோகும் தெருவில் இக்கணக்கு தானே நிறைவேறியது. கம்பிவலைக்குள் அடைத்த கலப்புக் கூட்டத்தில், அமரும் தாயின் மகனாகிய சேவலை ஆண்டுதோறும் வெளியிலிருந்து தேடிக் கொணர வேண்டியுள்ளது.