விம்பிள்டனில் வரிசையில் நின்றோர்

விம்பிள்டன் என்றவுடன் பச்சைப் புல்தரையும் வெள்ளுடையும் நினைவுக்கு வரும். ஆட்டம் காண வந்தோரைப் பற்றி எழுதியவர் குறைவு. ஆயினும் அம்மைதானம் இடம் பெயர்ந்ததும் பெருகியதும் அவர்கள் பொருட்டே.

1868இல் குரோக்கே ஆடுவதற்கென்று தோன்றிய தனியார் கழகம் அது. 1877இல் வோர்ப்பிள் சாலை மைதானத்தில் முதல் டென்னிஸ் போட்டியை நடத்தியது. புல்தரையைச் சமன்செய்யும் உருளையைப் பழுதுபார்க்கப் பணம் திரட்டுவதே நோக்கம் என்பர். ஆடியோர் 22 பேர். இறுதி ஆட்டத்தை ஒரு ஷில்லிங் கொடுத்துக் கண்டோர் சுமார் 200 பேர்.

1919இல் பிரெஞ்சு வீராங்கனை சுசான் லாங்லென் வந்தபின் திரண்ட கூட்டத்தைப் பழைய இடம் தாங்கவில்லை. 1922இல் சர்ச் சாலையில், ஸ்டான்லி பீச் வடிவமைத்த நடு அரங்கோடு புதிய மைதானம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 10,000 இருக்கைகள். அவற்றோடு 3,600 பேர் நின்று காணவும் இடம். கழகத்தின் பெருந்தன்மையைக் காட்டியது இந்த நிற்குமிடந்தான். இருக்கைக்குப் பணமும் செல்வாக்கும் உதவின. நிற்பதற்குக் கால்வலிமை போதும். விண்ணப்பித்தோர்க்குக் குலுக்கலில் சீட்டு வழங்கும் முறை 1924இல் வந்தது.

1940 அக்டோபர் 11 அன்று விழுந்த குண்டுகள் நடு அரங்கில் 1,200 இருக்கைகளை அழித்தன. 1946இல் போட்டி மீண்டும் தொடங்கியது. சேதம் முழுதும் சீராக 1949 ஆயிற்று. முன்னதாகவே வீடு திரும்புவோர் விட்டுச்செல்லும் சீட்டுகளைச் சிறு தொகைக்கு மறுபடி விற்று, அத்தொகையை அறச்செயல்களுக்கு அளிக்கும் நல்வழக்கம் 1954இல் பிறந்தது. தமிழராகிய இராமநாதன் கிருஷ்ணன் அங்கே இளையோர் பட்டம் வென்றதும் அவ்வாண்டே. 1960, 1961 ஆகிய இரு முறையும் அரையிறுதியில் அவரை வென்றவர்களே பட்டமும் பெற்றனர்.

1989இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கில் நிற்குமிடத்து நெரிசல் 97 உயிர்களைக் கொண்டது. அடுத்த ஆண்டு விம்பிள்டன் நடு அரங்கின் நிற்குமிடமும் இருக்கைகளாயிற்று. பாதுகாப்புக்கு அது வேண்டியதே. எனினும் எளியோர் இழந்தது சிறிதன்று. 1991இல் மழையால் ஆட்டங்கள் தேங்க, அதுவரை ஓய்வு நாளாயிருந்த நடு ஞாயிறன்று முதன்முறையாக ஆட்டம் நடந்தது. முன்பதிவு கிடையாது, முந்தி வந்தோர்க்கு முந்திய இடம். அன்றைய ஆரவாரம் அவ்வரங்குக்கே புதிது. 1997, 2004, 2016 ஆகிய ஆண்டுகளிலும் மழை அந்த வாய்ப்பைத் தந்தது. 2022 முதல் அந்த ஞாயிறு வழக்கமான ஆட்ட நாளாகிவிட்டது.

நடு அரங்குக்கு 2009இலும், முதலாம் எண் அரங்குக்கு 2019இலும் மூடித் திறக்கும் கூரைகள் அமைந்தன. வெளியே வரிசை மட்டும் இன்றும் வெட்டவெளியில். விம்பிள்டன் பூங்காவில் வந்த முறைப்படி எண்ணிட்ட அட்டை தருவர். அட்டை பெற்றவர் நெடுநேரம் விலகிச் சென்றால் இடம் போயிற்று. முதல்நாளே வந்து கூடாரத்தில் படுப்போர்க்குக் கழிப்பறை, குடிநீர், மூட்டைகளை ஒப்படைக்கும் இடம் எல்லாம் உண்டு. விடியற்காலையில் பணியாளர் வந்து எழுப்புவர். கூடாரத்தைச் சுருட்டி ஒப்படைத்துவிட்டு நெருங்கி நிற்க வேண்டும். பெரிய அரங்குகளுக்கென அன்றன்று ஒதுக்கிய சில நூறு சீட்டுகள் வரிசையின் முன்னணியில் இருப்போர்க்கே.