அவனுக்கு என்ன தெரியும்?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. வழக்கமா நாமக்கல் கோட்டை, சங்ககிரி மலைன்னு பழங்கதை பேசுவேன். இன்னைக்கும் வரலாறுதான், ஆனா வீட்டு வாசல்ல இருந்து ஆரம்பிக்குது.

எங்க பெரியப்பா லாரி டிரைவர். ஊரு திருச்செங்கோட்டுப் பக்கம். அவரோட பையன், எனக்கு அண்ணன் முறை, பொறந்ததுல இருந்தே அறிவுசார் குறைபாடு உள்ளவர். பெரியப்பா வடக்கே லோடு போன எடத்துல விபத்துல இறந்தப்ப அண்ணனுக்கு முப்பது வயசு. உடம்பு வீட்டுக்கு வந்த அன்னைக்கு அண்ணனை மட்டும் ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுல வெச்சுட்டாங்க. "அவனுக்கு என்ன தெரியும் கண்ணு, பார்த்தா பயந்துக்குவான்"னாங்க ஆத்தா. அண்ணன் கேட்டப்பெல்லாம் "அப்பா லோடு போயிருக்காரு"ன்னுதான் பதில்.

அப்புறம் ரோட்டுல லாரி ஹாரன் கேட்டா வாசலுக்கு ஓடுவார். சோறு எறங்கலை. சுவத்துல தலைய முட்டிக்க ஆரம்பிச்சார். ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். "இவங்க இப்படித்தான் இருப்பாங்க"ன்னு தூக்க மாத்திரையை எழுதிக் குடுத்தார்.

சாஃப்ட்வேர்ல இருக்கவங்களுக்கு இது புரியும். கஸ்டமர் ஒரு பக் சொல்லுவான், நாம "அதோட டிசைனே அப்படித்தான்"னு எழுதி மூடிடுவோம். அண்ணன் விஷயத்துலயும் அதான் நடந்துச்சு. இதுக்கு ஒரு பேரே இருக்குன்னு பின்னாடிதான் படிச்சேன்.

வியட்நாம் போர்ல இருந்து திரும்பின சிப்பாய்களோட நிலைமையப் பாத்து, 1980-ல அமெரிக்க மனநல சங்கம் மனக்காயத்தால வர்ற பாதிப்பை ஒரு நோயா ஏத்துக்கிச்சு. ரெண்டே வருஷத்துல, 1982-ல, ஸ்டீவன் ரெய்ஸும் கூட்டாளிகளும் ஒரு சோதனை பண்ணாங்க. கடுமையான பயத்தால அவதிப்படற ஒருத்தரைப் பத்தின குறிப்பை உளவியலாளர்கள்கிட்ட குடுத்தாங்க. குறிப்பு ஒண்ணுதான். சிலருக்கு மட்டும் அவருக்கு அறிவுசார் குறைபாடு இருக்குன்னு சேர்த்துச் சொன்னாங்க. அதைப் படிச்சவங்களுக்கு அந்தப் பயம் பெரிய பிரச்சினையாவே தெரியலை! குறைபாட்டோட நிழல் மத்த எல்லாத்தையும் மறைச்சிடுது. நோயறிதல் மேல விழற நிழல்ங்கற அர்த்தத்துலதான் பேரும் வெச்சாங்க.

நம்ம நாட்டுக் கதை இன்னும் பழசு. வெள்ளைக்காரன் போட்ட 1912 பைத்தியச் சட்டத்துல மனநோயாளியும் அறிவுசார் குறைபாடு உள்ளவரும் ஒரே வார்த்தைக்குள்ள அடக்கம். 1987 மனநலச் சட்டம் ரெண்டையும் பிரிச்சுது. 2017 சட்டத்துலயும் அப்படியே. பிரிச்சது சரிதான், ரெண்டும் வேற வேற. ஆனா நடைமுறையில என்ன ஆச்சு? ஒரு பக்கம் சிறப்புப் பள்ளி, இன்னொரு பக்கம் மனநல வார்டு. குறைபாடும் இருந்து மனசும் காயப்பட்ட ஆளு எங்க போவார்? நடுவுல நின்னுட்டார்.

அவங்க மனசை யாரும் கேக்கலைங்கறதுக்கு 1994-ல மகாராஷ்டிராவுல நடந்ததே சாட்சி. ஷிரூர் அரசு இல்லத்துல இருந்த பெண்களுக்கு, மாதவிலக்கை சமாளிக்க முடியலைன்னு கர்ப்பப்பையையே எடுத்தாங்க.

2009-ல சண்டிகர். அரசுக் காப்பகத்துலயே பாலியல் வன்முறைக்கு ஆளாகி ஒரு பெண் கர்ப்பமானாங்க. லேசான அறிவுசார் குறைபாடு உள்ளவங்க, வயசுக்கு வந்த பெண். கருவைக் கலைக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. "எனக்குக் குழந்தை வேணும்"னாங்க அவங்க. சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்குன்னு அது உச்ச நீதிமன்றம் போச்சு. வயசுக்கு வந்த பெண், அவங்க சம்மதம் இல்லாம கலைக்கக் கூடாதுன்னு தீர்ப்பு.

டெல்லிக் கொடுமைக்கு அப்புறம் வந்த 2013 சட்டத் திருத்தம் இன்னொரு படி. பாலியல் குற்றத்துல பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளின்னா, போலீஸ் அவர் வீட்டுக்கோ அவருக்குத் தோதான எடத்துக்கோ போய்த்தான் புகாரை எழுதணும். சிறப்பாசிரியரோ மொழிபெயர்ப்பாளரோ கூட இருக்கணும், வீடியோ எடுக்கணும். மாஜிஸ்திரேட் முன்னாடி சொன்ன வாக்குமூலத்தையே முதல் விசாரணையா எடுத்துக்கலாம். முழுக்கதையையும் கோர்ட்டுல மறுபடி முதல்ல இருந்து சொல்ல வேண்டியதில்லை, குறுக்கு விசாரணை மட்டும்தான். 2024 ஜூலையில வந்த புதுச் சட்டத்துலயும் இது தொடருது.

சிகிச்சையும் கிட்டத்தட்ட இதே பாதையிலதான் போச்சு. 1989-ல இங்கிலாந்துல ஷீலா ஹாலின்ஸ்ங்கற மனநல மருத்துவர் எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகம் போட ஆரம்பிச்சாங்க. முதல் புத்தகங்கள்ல ஒண்ணு, அப்பா இறந்தா என்ன ஆகும்ங்கறதைப் பத்தி! படத்தைப் பாத்து அவங்களே கதை சொல்லணும். நெதர்லாந்துல லீஸ்பெத் மெவிசன், கண்ணை அசைக்க வெச்சுக்கிட்டே பழைய நினைவைத் தொடற ஒரு சிகிச்சையை இவங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தினாங்க. தானே சொல்ல முடியாதவங்களுக்கு, கூட இருக்கறவங்க நடந்ததைச் சின்னக் கதையா சொல்லலாம். சின்ன வாக்கியம், குறைஞ்ச நேரம், அதிக பொறுமை, நம்பற ஆளு ஒருத்தர் பக்கத்துல. மாறினது சிகிச்சை பண்றவங்க பேசற விதம்தான்.

இதெல்லாம் தெரியாமலே எங்கம்மா ஒரு நாள் செஞ்சாங்க. கல்யாண ஆல்பத்தை எடுத்துட்டு அண்ணன் பக்கத்துல உக்காந்து, "சாமி, இங்க பாரு. அப்பா வண்டி மோதிருச்சு. அப்பா செத்துப் போயிட்டாரு. இனிமேப்பட்டு வரமாட்டாரு"ன்னாங்க. நாங்க எல்லாம் பயந்துட்டோம். அண்ணன் ரொம்ப நேரம் போட்டோவைத் தடவிக்கிட்டே இருந்தார். அப்புறம் அழுதார். பெரியப்பா போய் எட்டு மாசம் கழிச்சு, முதல் தடவையா. வருஷத் திதிக்கு பவானி கூடுதுறைக்கு அவரையும் கூட்டிட்டுப் போனோம். அவர் கையாலதான் எள்ளும் தண்ணியும் விட்டார்.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஹாரன் கேட்டா இன்னமும் சில நாள் எந்திரிப்பார். ஆனா வாசல் வரைக்கும் போறதில்லை. போட்டோவைப் பாத்து "அப்பா செத்துட்டாரு"ன்னு சொல்லிட்டு உக்காந்துக்குவார். தலைய முட்டிக்கறது கொறைஞ்சிருக்கு.

ஆத்தா மேல எனக்குக் கோவமில்லை, பாசத்துலதான் மறைச்சாங்க. ஆனா அந்த எட்டு மாசம் அவர் யாருக்காக வாசல்ல நின்னார்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். உங்க தெருவுலயும் இப்படி ஒருத்தர் இருக்கலாம். "அவனுக்கு என்ன தெரியும்"னு சொல்றதுக்கு முன்னாடி, ஒரு தடவை அவர்கிட்டயே கேட்டுப் பாருங்க.